வடிவியல் ஸ்டென்சில் எழுத்துரு: தமிழ் எழுத்துக்குப் பாலம் போடுவதிலிருந்து தகட்டில் வெட்டுவது வரை

தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, அந்த ஓட்டை வழியாக மை அடிப்பதுதான் ஸ்டென்சில். அதற்கான எழுத்துரு செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். முதலில் முழு எழுத்தையும் அழகாக வரைந்துவிடுகிறார்கள். அப்புறம் அதன் மேல் அங்கங்கே ஒரு கீறல் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தகட்டில் வெட்டி எடுத்தபோது ‘ம’-வின் வயிறும் ‘ன’-வின் சுழியும் தனித்தனிச் சில்லுகளாகக் கீழே விழுந்தன.

இடைவெளியையும் ஒரு கோடாக நினைத்து, முதல் எழுத்திலிருந்தே அதற்கு இடம் ஒதுக்கி வரைய வேண்டும். கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான். வரிசையை மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தின் மூடிய உள்வெளியைத் ‘தீவு’ என்கிறேன். அந்தத் தீவைத் தகட்டோடு பிடித்து வைத்திருக்கும் பட்டை ‘பாலம்’. தாளில் அச்சாகும்போது அந்தப் பாலம்தான் இடைவெளியாகத் தெரியும். மூடாத உள்வெளிக்குள் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நீட்டி நிற்கும் தகட்டுத் துண்டு ‘நாக்கு’.

1. வெட்டவா, பார்க்கவா?

தகட்டில் வெட்டி மை அடிக்கப் போகிறீர்களா, சுவரொட்டியிலும் அட்டையிலும் ஸ்டென்சில் தோற்றம் கிடைத்தால் போதுமா? முதல் முடிவு இதுதான். இரண்டுக்கும் விதிகள் வேறு.

வெட்டும் எழுத்தில் ஒரு தீவுகூட மிஞ்சக் கூடாது. பாலம் கையில் எடுத்தால் ஒடியாத அகலத்தில் இருக்க வேண்டும். தோற்றத்துக்கான எழுத்தில் பாலம் மெலிந்திருக்கலாம், தீவு மிஞ்சினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அங்கே வேறொரு கடமை வந்து சேர்கிறது: ‘ட’, ‘ப’ போலத் தீவே இல்லாத எழுத்துகளையும் எங்காவது வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் ஒரு சொல்லில் பாதி எழுத்து வெட்டுப்பட்டும் பாதி முழுசாகவும் நின்று, இரண்டு எழுத்துருக்கள் கலந்துபோன மாதிரி இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் வெட்டும் விதிப்படியே வரையுங்கள். வெட்டத் தகுந்த எழுத்து அச்சிலும் நிற்கும். தோற்றத்துக்காகச் செய்ததைப் பிறகு வெட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால், ஏறக்குறைய புதிதாகத்தான் வரைய வேண்டியிருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு எழுத்துரு மென்பொருள் வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் இலவசம், கிளிஃப்ஸ், ஃபாண்ட்லேப் இரண்டும் கட்டணம். கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு தடித்த கறுப்புப் பேனா, கொஞ்சம் கனமான அட்டை, கூர்கத்தி. கடைசி இரண்டையும் பலர் வாங்குவதே இல்லை. ஆனால் பாலத்தின் பலத்தைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான்கு எழுத்தை அட்டையில் கையால் வெட்டிப் பார்த்தவருக்கு அது அன்றே புரிந்துவிடும்.

இன்னொன்று, வடிவங்களின் பட்டியல். தமிழில் 247 எழுத்து என்றாலும் அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வடிவங்கள் 36, தனிக் குறிகளும் புள்ளியும் சேர்த்து 10, டி, டீ என 2, கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என 6. மொத்தம் 85. எண்களும் நிறுத்தக்குறிகளும் தனி. பட்டியலை அச்சிட்டு எதிரில் ஒட்டிவையுங்கள். பாதி வழியில் ‘ஞூ’ ஞாபகம் வந்து பதறும் நிலை எல்லோருக்கும் வருவதுதான்.

3. நான்கு எண்களைப் பூட்டுங்கள்

வடிவியல் எழுத்துரு என்றால் நேர்கோடு, வட்டம், கால்வட்டம் ஆகியவற்றிலிருந்தே எல்லாம் பிறக்க வேண்டும். அதனால் அளவுகள் முதலிலேயே முடிவாக வேண்டும். எழுத்துரு மென்பொருளில் எழுத்து உட்காரும் சதுரத்தின் உயரத்தை 1,000 அலகாகப் பிரித்தால், அந்தச் சட்டத்தில் நான் தொடங்கும் அளவுகள் இவை: எழுத்தின் உயரம் 540, நிற்கும் கோட்டின் தடிமன் 120, படுக்கைக் கோடு 108, பாலம் 50.

நிற்கும் கோட்டுக்கும் படுக்கைக் கோட்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? அளவுகோலில் சமமாக இருந்தால், படுக்கைக் கோடு கண்ணுக்குத் தடித்துத் தெரியும். வட்டத்துக்கும் இதே கதைதான். 540 உயர வட்டம் பக்கத்தில் நிற்கும் ‘ப’-வை விடக் குள்ளமாகத் தோன்றும். மேலே 10, கீழே 10 அலகு கூட்டிவிடுங்கள். ‘வடிவியல் என்றால் சுத்தமான வட்டம்தானே’ என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் பிடிவாதத்துக்கு மசியாது.

கால்வட்டத்தை வளைகோட்டுப் புள்ளிகளால் வரையும்போது, கைப்பிடியின் (புள்ளியிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் துணைக்கோட்டின்) நீளம் ஆரத்தில் சுமார் 55 விழுக்காடு இருக்க வேண்டும். ஆரம் 200 என்றால் கைப்பிடி 110. கண்ணளவில் இழுத்தால் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு விதமாக உப்பும். பாலம் போட்ட பிறகு அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் வெட்டு முனைகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

பாலம் 50 என்றது நிற்கும் கோட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். கோட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அச்சுப் பிழை போலத் தெரிகிறது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் எழுத்து துண்டு துண்டாகச் சிதறுகிறது.

4. ப, ட, ம, ன – இந்த நான்கில் தொடங்குங்கள்

‘அ’-விலிருந்து வரிசையாக வரையத் தொடங்காதீர்கள். அகரம் மிகக் கடினமான வடிவங்களில் ஒன்று. அதில் எடுக்கும் முடிவு மற்ற எழுத்துகளுக்கு உதவாது.

‘ப’ அகலத்தையும் கோட்டின் தடிமனையும் முடிவு செய்யும். ‘ட’ வலப்பக்க வெற்றிடத்தை எப்படிச் சமாளிப்பது என்று காட்டும். ‘ம’ முதல் தீவு. ‘ன’ முதல் சுழி. இந்த நான்கும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் வ, ல, ய, ண, ழ எல்லாம் அவற்றிலிருந்தே கிளைக்கும்.

இந்த நான்கையும் அட்டையில் வெட்டிப் பாருங்கள். சரியாக வந்த பிறகுதான் ஐந்தாவது எழுத்து.

5. பாலம் எங்கே? மெதுவாகப் போக வேண்டிய இடம்

முதல் விதி: கோடுகள் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். ‘ம’-வின் வயிறு அடிக்கோட்டைத் தொடும் இடம், க, ச, த மூன்றிலும் இடப்பக்க வயிறு நடுத்தண்டைத் தொடும் இடம். இரண்டு கோடு சேரும் இடத்தில் கறுப்பு திரண்டு நிற்கும். அங்கே பாலம் போட்டால் தீவும் விடுபடும், கறுப்பும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதோடு, அது கை பேனாவை நிறுத்தித் திருப்பும் இடம் என்பதால் வாசிக்கிறவருக்கும் உறுத்தாது.

இரண்டாவது: பாலங்களுக்கு எழுத்துரு முழுக்க ஒரு திசை, மிஞ்சினால் இரண்டு. ஒரு எழுத்தில் செங்குத்து, அடுத்ததில் சாய்வு, அதற்கடுத்ததில் படுக்கை என்று போனால் ஒரு வரியைப் பார்க்கும்போது கண் அலைகிறது. நான் செங்குத்து இடைவெளியை முதலாவதாக வைத்துக்கொள்வேன், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் படுக்கை.

மூன்றாவது: வளைவை வெட்டும்போது வெட்டின் இரண்டு ஓரங்களும் இணையாக ஓட வேண்டும். வட்டத்தின் மையத்தை நோக்கி இரண்டு கோடு இழுத்து வெட்டினால் பாலம் ஆப்பு மாதிரி ஆகிவிடும். வெளியே அகலம், உள்ளே குறுகல். தகட்டில் ஒடிவது அந்தக் குறுகலில்தான்.

நான்காவது தமிழுக்கே உரியது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தவறான இடத்தில் வெட்டினால் தமிழ் எழுத்து அசிங்கமாவதோடு நிற்பதில்லை, வேறு எழுத்தாகவே மாறிவிடுகிறது.

‘ள’-வை நடுவில் பிளந்தால் இடது பாதி ஒற்றைக்கொம்பு போலவும், வலது பாதி துணைக்கால் போலவும் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு மெய் வந்தால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். ஆகவே ‘ள’-வில் இரண்டு பாதியையும் இணைக்கும் மேல்பகுதியைத் தொடாதீர்கள், சுழியை மட்டும் திறந்துவிடுங்கள். ‘ஊ’, ‘ஔ’ இரண்டுக்குள்ளும் இதே உருவம் உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் இதே வெட்டு.

‘ர’-வின் அடியில் வரும் சாய்ந்த காலைத் துண்டித்தால், மேலே மிஞ்சுவது துணைக்கால். ‘ற’-வின் இரண்டு வளைவுகள் சேரும் இடத்தில் வெட்டினால் இடப்பக்கம் ஒரு ‘ர’ முளைக்கிறது. ‘ழ’-வின் வாலை அறுத்தால் ‘ம’, அதற்குக் கீழே ஏதோ ஒரு குப்பை. ‘ண’-வில் முதல் சுழியை மொத்தமாகப் பிரித்துவிட்டால் மீதி ‘ன’. இந்த நான்கிலும் எது எழுத்தை அடையாளம் காட்டுகிறதோ அதை உடலோடு ஒட்டியே விடுங்கள். வெட்டு, அடையாளம் இல்லாத பக்கத்தில் விழட்டும்: ‘ழ’-வுக்கு வயிற்றில், ‘ற’-வுக்கு இடது தண்டின் உச்சியில்.

ஐந்தாவது: நாக்கை மறக்காதீர்கள். ‘ற’-வில் தீவு எதுவும் இல்லை. ஆனால் வளைவுகளுக்கு உள்ளே நீளமான ஒல்லியான நாக்குகள் கீழ்ப்பக்கம் மட்டும் பிடிமானத்தோடு நிற்கின்றன. மை அடிக்கும்போது நாக்கு தூக்கிக்கொள்ளும், அடியில் மை கசியும். அகலத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்ட நாக்கு எதுவானாலும் அதற்கும் ஒரு பாலம் கொடுக்கிறேன். ‘ப’-வின் நாக்கு அகலமானது, அதற்குத் தேவையில்லை.

தீவு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எழுத்தைக் கறுப்பாகப் படமாக்கி, ஏதாவது ஓவிய மென்பொருளில் திறந்து, எழுத்துக்கு வெளியே வண்ண வாளியால் ஒரு நிறத்தைக் கொட்டுங்கள். நிறம் ஏறாமல் வெள்ளையாக நிற்பது எதுவோ அதுதான் தீவு.

6. சுழிக்கு மூன்று வழி

வ, ல, ன, ண, ள, எ, ஒ, இ, ஒற்றைக்கொம்பு, இணைக்கொம்பு என்று சுழி எங்கும் இருக்கிறது. சின்னதாக இருப்பதால் பாலமும் சின்னதாகி, ஒடிந்துபோகும். வழி மூன்று.

சுழியை மூடாமல் விடுவது முதல் வழி. கோடு சுருண்டு வந்து, தன்னைத் தொடுவதற்குப் பால அகலம் இருக்கும்போதே நின்றுவிடும். தனியாக வெட்டே தேவையில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். கை எழுதும் ஓட்டமும் கெடுவதில்லை.

இரண்டாவது, சுழியின் உள்ளே இருக்கும் வெள்ளையையே எடுத்துவிட்டு நிறைந்த வட்டாக்குவது. மிகத் தடித்த எழுத்துருவில் அழகாக இருக்கும். மெல்லிய எழுத்தில் புள்ளி விழுந்த மாதிரி தெரியும். மூன்றாவது, சுழியை இரண்டாக வெட்டி இரண்டு அரைவட்டமாக எதிரெதிரே நிறுத்துவது. பெரிய அளவுத் தலைப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு எல்லாச் சுழிக்கும் அதுவே. ‘ன’-வுக்குத் திறந்த சுழி, ‘ல’-வுக்கு அடைத்த வட்டு என்று கலந்தால் ஒரே குடும்பம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

7. இகரம், புள்ளி, உகரம்

சாதாரண எழுத்துருவில் கி, மி, வி ஒவ்வொன்றிலும் இகரக் குறியை மெய்யோடு ஒட்டவைப்பது பெரும்பாடு. ஸ்டென்சிலில் அந்த ஒட்டு தேவையே இல்லை, அந்த இடமே பாலமாகிவிடும். குறியைத் தனியாக வரைந்து, மெய்யிலிருந்து சரியாக 50 அலகு தள்ளி நிறுத்தினால் போதும். டி, டீ இரண்டு மட்டும் தனி வடிவம், ஏனென்றால் அங்கே குறி ‘ட’-வோடு சேர்ந்தே வளர்கிறது. ஈகாரக் குறியின் நுனியில் ஒரு சுழி உண்டு. அது ஆறாம் பகுதியின் விதிக்குக் கட்டுப்பட்டது.

புள்ளியை உள்ளே வெள்ளை விட்ட வளையமாக வரைந்தால் அது இன்னொரு தீவு. நிறைந்த வட்டமாகவே வையுங்கள். விட்டம் நிற்கும் கோட்டை விடச் சற்றே கூடுதல், 130 அளவு. எழுத்தின் தலையிலிருந்து குறைந்தது ஒரு பால அகலம் மேலே. அதைவிட நெருக்கினால் நடுவில் இருக்கும் தகடு நூலாகிக் கிழியும்.

உகரத்தை மூன்று கூட்டமாகப் பிரித்து வரையுங்கள்: வளைந்து சூழும் கு, டு, மு, ரு, ழு, ளு, நேராகக் கீழிறங்கும் ஙு, சு, பு, யு, வு, அடியில் ஓடி வலப்பக்கம் ஏறும் ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு கூட்டத்தில் ஒரு எழுத்துக்குப் பாலம் முடிவானால் மற்றவற்றுக்கும் அதே இடம். முதல் கூட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சூழ்ந்து வரும் கோடு, மெய்யில் இல்லாத புதுத் தீவையோ நாக்கையோ உண்டாக்கியிருக்கிறதா என்று வாளியைக் கொட்டிப் பாருங்கள். ஊகாரத்தை உகரம் முடிந்த கையோடு செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கை மறந்துவிடும்.

8. எண்கள்

0, 4, 6, 8, 9 ஐந்திலும் தீவு உண்டு. 0-வுக்கு மேலும் கீழும் நடுவில் வெட்டு. 8-க்கு நடு அச்சில் மட்டும் வெட்டுங்கள். இடப்பக்க ஓரத்தில் வெட்டினால் தூரத்தில் 3 ஆகிவிடும். 6-ஐத் தலைகீழாக்கினால் 9, தனியாக வரைய வேண்டாம்.

9. இடைவெளி: பத்து எழுத்து முடிந்ததும்

எல்லா எழுத்தும் முடிந்த பிறகு இடைவெளி பார்க்கலாம் என்று விட்டுவைப்பது பெரிய தவறு. பத்து எழுத்து கையில் வந்ததும் சொற்களாக அடுக்கிப் பாருங்கள்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை, பாலத்தின் வெள்ளையைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்தத் துண்டு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்றே தெரியாது. தமிழில் கொம்பும் காலும் ஏற்கெனவே தனித் துண்டுகளாக நிற்பதால் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. துணைக்காலை மட்டும் முன்னெழுத்தோடு கொஞ்சம் நெருக்கலாம், ஆனால் பால அகலத்துக்கு இறங்க விடாதீர்கள்.

10. எழுத்துருவாக ஏற்றும்போது

இங்கே புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது, போலி வெட்டு. கறுப்பு எழுத்தின் மேல் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை வைத்து அதையே இடைவெளி என்று விட்டுவிடுவது. வண்ணப் பின்னணியில் அது வெள்ளைப் பட்டையாகப் பல்லை இளிக்கும். வெட்டும் எந்திரமோ செவ்வகத்தையும் சேர்த்து வெட்டும். செவ்வகத்தை எழுத்திலிருந்து கழித்து, உண்மையான வெளிக்கோடாக்குங்கள்.

அதேபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒன்றிணைத்துவிடுங்கள். வெளிக்கோட்டின் சுற்றுத் திசையையும் சரி பாருங்கள். திசை தப்பினால் உள்வெளி கறுப்பாக அடைபடும்.

உகர ஊகார வடிவங்கள், டி, டீ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்கு ஓப்பன்டைப் மாற்று விதி, அதாவது தட்டிய எழுத்துகளுக்குப் பதிலாகத் தனி வடிவத்தைக் காட்டச் சொல்லும் விதி, எழுத வேண்டும். மெய்ப்புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்று காட்ட, ஒவ்வொரு மெய்யிலும் ஒரு நங்கூரக் குறி (anchor) வையுங்கள். கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுவருவதும், ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிப்பதும் எழுத்தை அடுக்கும் மென்பொருளின் வேலை. அதை நீங்கள் விதியாக எழுதினால் இரண்டு முறை நடந்து எல்லாம் கலையும்.

கை பழகியதும், பாலத்தின் அகலத்தைப் பயன்படுத்துகிறவரே கூட்டிக் குறைக்கும்படி விட்டு, மாறும் எழுத்துருவாகச் (variable font) செய்யலாம். அச்சுக்கு மெல்லிய பாலம், தகட்டுக்குத் தடித்த பாலம், ஒரே கோப்பில். மெல்லிய, தடித்த இரண்டு வடிவத்திலும் வெளிக்கோட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாலத்தைப் பூஜ்யம் வரை கொண்டுபோகாதீர்கள், துண்டுகள் ஒட்டும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரியும்.

11. சோதனை

ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: மனம்–மணம், அரை–அறை, பல்லி–பள்ளி, ஒலி–ஒளி–ஒழி. இந்த எழுத்துருவைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறாரோ அங்கே பாலம் தப்பு. நீங்களே படித்துப் பயனில்லை, உங்கள் கண்ணுக்கு விடை தெரியும்.

அப்புறம் அளவு. 16 பிக்சலில் 50 அலகுப் பாலம் 0.8 பிக்சல்தான், அதாவது சாம்பல் கறை. 48 பிக்சலில் 2.4, அங்கே பாலம் பாலமாகத் தெரியும். ஆகவே பத்தி எழுத்துக்கு இதைப் பயன்படுத்த நினைக்காதீர்கள். தலைப்பு, அட்டை, சின்னம், வழிகாட்டிப் பலகை, பெட்டி மேல் குறி இவைதான் இதன் இடம்.

12. தகடு, சுவர், விளக்கு

பிளாஸ்டிக் தாளில் 2 மி.மீ.-க்குக் கீழே பாலம் போனால் எனக்குக் கை நடுங்கும். நம் அளவில் 540 உயரத்துக்கு 50 பாலம். அப்படியானால் எழுத்தின் உயரம் 22 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் பாலத்தைத் தடிக்கவைத்த வடிவம் வேண்டும்.

லேசர் கதிர் தன் அகலத்துக்குப் பொருளைத் தின்றுவிடும். கதிர் கோட்டின் நடுவே போகிறது என்றால், பாலத்தின் இரு ஓரத்திலும் பாதிப் பாதி போய், மொத்தம் ஒரு கதிரகலம் குறையும். அகலம் 0.2 மி.மீ. என்றால் 2 மி.மீ. பாலம் 1.8 ஆகும். முதலில் ஒரு எழுத்தை மட்டும் வெட்டி அளந்து, அதற்கேற்ப ஈடுசெய்யுங்கள். பாலம் வந்து சேரும் மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், கிழிசல் கூர்மூலையில்தான் தொடங்கும்.

பின்னாலிருந்து ஒளி வரும் உலோகப் பலகை என்றால் கணக்கு மாறும். வெட்டிய பகுதி ஒளிரும், பாலம் இருட்டாக நிற்கும், ஒளி பரவி அந்த இருட்டை விழுங்கும். பாலத்தைத் தடிக்கவைத்து, இருட்டில் எரியவிட்டுப் பார்த்த பிறகு முழுப் பலகையையும் வெட்டக் கொடுங்கள். தூரமும் ஒரு கணக்கு. நல்ல கண் 10 மீட்டரில் சுமார் 3 மி.மீ. வரைதான் பிரித்துப் பார்க்கும். அதைவிட மெல்லிய பாலம் அங்கிருந்து மறைந்து, எழுத்து முழுசாகத் தெரியும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஸ்டென்சில் தோற்றம் வேண்டும் என்று கேட்டவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவரில் அடிக்கும்போது தெளிப்புக் குப்பியைத் தகட்டுக்கு நேர்நிலையில், 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. சாய்த்து அடித்தால் மை நாக்குக்கு அடியில் புகும். தூரிகை என்றால் மையைப் பழைய துணியில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி ஏற்றுங்கள். தகட்டை எடுத்ததும் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்துத் துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்கள். முதுகில் ஒட்டிய மை அடுத்த இடத்தில் தன் தடத்தைப் பதித்துவிடும்.